தொப்பியில் விழுந்த குச்சிகள்

கியெம் இறந்த அன்று அவன் மேஸ்திரி தாவுக்குத் தரவேண்டியிருந்தது ஒரு கோடியே எண்பத்தேழு லட்சத்து நாற்பதாயிரம் டோங். அதற்கு ஐந்து வாரம் முன்பும் அதே தொகைதான். ஒரு டோங்கூட ஏறவில்லை, ஒரு டோங்கூட இறங்கவில்லை. அப்படி நின்ற இடத்திலேயே நிற்கக்கூடிய கடன் அல்ல அது. நாங்கள் பதினேழு பேர் நாள் தவறாமல் அதைக் குறைத்துக்கொண்டிருந்தோம். குறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஏன் குறையவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். அதில் என் மகனுக்குப் பங்கு உண்டு. எனக்கும் உண்டு.

காம் ஆற்றங்கரையில் எங்கள் கிடங்கு. அரிசி, மாட்டுத் தீவனம், சிமென்ட், எது வந்தாலும் படகிலிருந்து முதுகில் ஏற்றிக் கிடங்கில் இறக்குவது எங்கள் வேலை. ஒரு மூட்டையை இறக்கினால் அங்கே நிற்கும் ஆள் ஒரு மூங்கில் குச்சி தருவான். விரல் நீளம் இருக்கும், நுனியில் சிவப்புச் சாயம். சாயங்காலம் குச்சிகளைக் கொண்டுபோய்க் கணக்கெழுதும் தோமிடம் கொடுத்தால் குச்சிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு டோங் நம் பேரில் ஏறும்.

எவனாவது நோயில் விழுந்தால் அவன் தொப்பியை வாசல் தூணில் ஆணியடித்து மாட்டிவிடுவோம். வேலை முடிந்து போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு குச்சியை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். படுத்திருப்பவன் பேரில் தோம் அதை எழுதிக்கொள்வாள். யார் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்று தெரியாது. நான் சேர்ந்த வருஷம் கால் எலும்பு முறிந்து நாற்பது நாள் கிடந்தேன். அப்போது என் தொப்பி அங்கே தொங்கியது. மேஸ்திரிக்கும் தெரியும். போவது அவர் காசு இல்லை, எங்கள் காசு. அதனால் ஒன்றும் சொல்லமாட்டார்.

கியெமுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முதலில் படுத்த இரண்டு மாதத்துக்கு மேஸ்திரிதான் கடன் கொடுத்தார். பிறகு அவனுடைய பச்சைக் கெட்டித் தொப்பி தூணில் ஏறியது. வாரத்துக்கு ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் சேரும். நாலு லட்சத்தை மருந்துக்கும் வண்டிக்கும் என்று மேஸ்திரி அவன் கையில் முன்பணமாகக் கொடுப்பார். மீதி கடனில் கழியும்.

சனிக்கிழமை அவனே வருவான். தோமிடம் வாங்கிய கணக்குச் சீட்டை என்னிடம் நீட்டுவான். அவனுக்கு எழுத்து தெரியாது. எனக்கும் நாற்பது வயதுவரை தெரியாது. வார்டு ஆபீஸில் நடந்த வகுப்புக்கு வேலை முடிந்து போய்க் கற்றுக்கொண்டது.

"படிங்கண்ணே. இந்த வாரம் நான் எத்தனை மூட்டை தூக்கியிருக்கேன்?"

"இருநூத்தி நாலு."

"பாத்துக்குங்கடா! படுத்த இடத்துலேருந்தே இருநூத்தி நாலு. உங்கள்ல எவன் தூக்குவான்?"

"நாளைக்கு நீ வந்து தூக்கு, நாங்க போய்ப் படுத்துக்கறோம்" என்று யாராவது சொல்வார்கள். சிரித்துக்கொண்டே போவான். போகும்போது ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: "மெடலு எப்படியிருக்கான்?"

மெடலு என்றால் என் மகன் வின்.

வின் சின்ன வயதிலிருந்தே புரோகிராம் போட்டிகளுக்குப் போனவன். கேள்வியைத் தாளில் கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் விடை எழுதி அனுப்பவேண்டும். சரியா தப்பா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஊரில் முதலாவதாக வந்தான், நாட்டில் இரண்டாவதாக வந்தான், கடைசியில் வெளிநாடு போய் வெள்ளி மெடல் வாங்கினான். அந்தப் போட்டிகளுக்கெல்லாம் அவனை ஹனோய்க்குக் கூட்டிக்கொண்டு போனது கியெம்தான். என்னிடம் வண்டி இல்லை. கூலியை விட்டுவிட்டு, மாசித் தூறலில், பையனுக்கு மழைக்கோட்டைப் போட்டுவிட்டுத் தான் நனைந்துகொண்டு நூறு கிலோமீட்டர் ஓட்டுவான். ஒருமுறை நானும் போனேன். ஒவ்வொரு விடை சரியாகும்போதும் அந்த மேஜையில் ஒரு பலூனைக் கட்டினார்கள். வின் மேஜையில் ஏழு பலூன் நின்றது.

"என்னண்ணே, கல்யாண வீடு மாதிரி இருக்கு? பொண்ணு எங்க?" என்றான் கியெம். நான் பலூன்களை மறுபடி ஒரு தடவை எண்ணினேன்.

படிப்பு முடிந்ததும் ஹனோயில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். வேலைக்கு எடுக்கும் முன் ஒரு கணக்கு கொடுத்தார்களாம். ஒரு மணி நேரம் தந்த கணக்கை ஒன்பது நிமிஷத்தில் முடித்தானாம். சுற்றி நின்று கை தட்டினார்களாம். போனில் அவன் சொல்லி நான் கியெமிடம் சொல்ல, கியெம் கிடங்கு முழுக்கச் சொன்னான்.

பதினான்கு மாதம் கழித்து வின் ஒரு பையோடு திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றான்.

"லீவா?"

"அனுப்பிட்டாங்கப்பா."

"உன்னையா? எதுக்கு?"

"நான் எழுதறதை வேற எவனாலயும் தொட முடியலையாம்." பையை இறக்கிவைத்தான். "எதுக்கும் ஒத்தை எழுத்துல பேர் வெச்சிட்டுப் போயிடுவேன். போட்டியில அஞ்சு மணி நேரம் முடிஞ்சா அப்புறம் அதை எவன் பார்க்கப்போறான்? இங்க எழுதினதையே மூணு வருஷம், நாலு வருஷம் வெச்சு மேய்க்கிறாங்க. யாரோ எழுதினதை இன்னொருத்தன் திருத்தறான், அதை இன்னொருத்தன்."

"அப்ப பேரை ஒழுங்கா வெச்சுத் தொலைக்கவேண்டியதுதானே?"

"அவ்வளவு லேசில்லப்பா" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு, "லேசுதான்" என்றான். "அதனாலதான் என்னால முடியல. லேசா இருந்தா கவனம் நிக்கமாட்டேங்குது."

மூன்று மாதம் வீட்டில் இருந்தான். சாப்பிடுவான், படுப்பான். மெடலைக் கொண்டுபோய்த் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டான். அக்கம்பக்கத்தில் கேட்டால் லீவு என்று சொன்னேன். எத்தனை நாளைக்குத்தான் லீவு என்று சொல்வது? கியெம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வந்து, அவனுக்குப் பிடிக்கும் என்று சிவப்பு நண்டு நூடுல்ஸ் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவான்.

அப்போதுதான் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு மூன்று கிடங்கு, நூறு பேருக்கு மேல் ஆள். தோமின் நோட்டுப் புத்தகத்தை இனி வைத்துக்கொள்ள முடியாது, வாசலில் விரல் வைக்கிற மிஷின் வாங்கியாயிற்று, கூலிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்.

"உன் பையன் சும்மாதானே இருக்கான். ஒன்றரைக் கோடி தரேன். தெத் புத்தாண்டுக்கு முன்னாடி மொத்தமா கையில. நல்லா ஓடினா எனக்குத் தெரிஞ்ச மேஸ்திரிங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க."

ஓடி வந்து வின்னிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தான். "ரூல் என்னென்னன்னு ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து கிடங்குல நின்னு பாருடா. நாங்க என்ன பண்றோம்னு பாரு."

"எதுக்குப்பா? என்ன உள்ள போகுது, என்ன வெளிய வரணும். அது தெரிஞ்சா போதும்."

மறுநாள் டீக்கடையில் மேஸ்திரி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். குச்சிக்கு எவ்வளவு, முன்பணம் யாருக்கு உண்டு, குச்சி இல்லாத வாரத்தில் முன்பணம் கிடையாது, இப்படி எல்லாம். வின் பென்சிலோடு படித்தான். ஓரிடத்தில் நிமிர்ந்தான்.

"மிஷின்ல விரல் வைக்காத ஆள் பேர்ல குச்சி வருமா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. வேலைக்கு வராமலே கூலி வாங்குகிற கூட்டம் என்று எங்களை நினைத்துக் கேட்கிறான் என்று பட்டது, அதுவும் என் மகன், அதுவும் மேஸ்திரி எதிரில்.

"இங்க திருட்டுக் குச்சி கிடையாதுடா" என்றேன். "உள்ள வராதவன் பேர்ல எப்படி வரும்?"

"உங்கப்பனே சொல்லிட்டான்ல" என்று மேஸ்திரி சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

வின் தாளின் ஓரத்தில் 'வராது' என்று எழுதினான். கியெமின் தொப்பி அங்கிருந்து நாற்பது அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமும் அதில் இரண்டு குச்சி போட்டிருந்தேன். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. மேஸ்திரிக்கும் வரவில்லை. அன்றாடம் செய்கிற காரியத்தை யாராவது கேள்வியாகக் கேட்டால் அது அந்தக் காரியம்தான் என்று தெரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தவன் மூன்று மணிக்கு எழுந்தான். முடிந்துவிட்டது. அன்று அவன் முகத்தைப் பார்த்தேன். ஏழு பலூன் நின்ற மேஜையில் பார்த்த முகம். அதை மறுபடி பார்க்கமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து புரோகிராம் ஓடியது. விரலை வைத்து உள்ளே போனோம். கூலி சனிக்கிழமை செல்போனுக்கே வந்தது.

"எவன்டா என் பொண்டாட்டி நம்பரைக் குடுத்தது?" என்று ஒருவன் கத்தினான். "அஞ்சு மணிக்குக் காசு வந்திருக்கு, அஞ்சு அஞ்சுக்குச் செலவாயிடுச்சு!"

"துவாத் அண்ணே, உங்க பையன்கிட்ட சொல்லி அவ செல்லுக்குப் பாதி, என் செல்லுக்குப் பாதின்னு போடச் சொல்லுங்க."

"உனக்குப் பாதி எதுக்கு? புகையிலைக்கா?"

மேஸ்திரி என் தோளில் தட்டினார். கணக்கில் ஒரு டோங் பிசகவில்லை என்றார். போன மாசத்தைவிடச் செலவுகூடக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றார். பெருமையாக இருந்தது. ஏன் குறைந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கியெம் சனிக்கிழமைகளில் வருவது நின்றுபோயிற்று. அவன் மனைவி லுவாவின் செல்லுக்குத்தான் கணக்கு போகிறது, காசும் அங்கேயே போகும், இந்தக் குளிரில் பிறகு எதற்கு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டோம். தொப்பியில் குச்சி போட்டுக்கொண்டே இருந்தோம். தோம் தினமும் எண்ணி அவன் பேரில் ஏற்றிக்கொண்டே இருந்தாள். கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது, வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாலாவது வாரம் அவனைப் பார்க்கப் போனேன். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த கால் பெருவிரல் பளபளவென்று இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறியா?"

"போறேன் போறேன். அங்க போய்த்தானே டிவி பாக்கறதே." மூச்சு வாங்கியது. "மெடலு எப்படியிருக்கான்?"

"நல்லா இருக்கான். மேஸ்திரி தலையில தூக்கிவெச்சுக்கிட்டு ஆடறார். இன்னொரு கிடங்குக்கும் கேட்டிருக்காங்க."

"நல்லது. நல்லது. ஹனோய்ல ரொம்பப் பட்டுட்டான் பாவம்."

லுவா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் இருந்த நேரம் முழுக்க அவள் திரும்பவே இல்லை. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம், திங்கட்கிழமை காலை, கியெம் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கல்லறைக்குப் போய்விட்டு வந்தோம். லுவா தலையில் வெள்ளைத் துணியோடு எனக்கு ஒரு டம்ளர் தேநீர் வைத்தாள். பிறகு செல்போனை எடுத்து முன்னால் வைத்தாள்.

"படிங்கண்ணே."

ஐந்து செய்தி இருந்தது. ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தது. குச்சி 0. முன்பணம் 0. கடன் 1,87,40,000.

எழுத்து கற்றுக்கொண்ட நாளிலிருந்து எதையும் நான் இரண்டு தடவை படிப்பவன், தப்பாகப் படித்துவிடுவேனோ என்று. அதை நாலு தடவை படித்தேன்.

"லுவா, நாங்க தினம் போட்டோம்மா. ஒரு நாள் விடல."

"தெரியும்ணே."

"ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"மொத வாரமே மேஸ்திரிகிட்ட போறேன்னு கிளம்பினேன். இவர் கதவுல குறுக்கே நின்னுட்டார். 'இப்பதான் மெடலுக்கு ஒரு வேலை நின்னிருக்கு. தப்புன்னு நாம போய் நின்னா மறுபடி அனுப்பிடுவாங்க. அவன் கெட்டிக்காரன், ரெண்டு வாரத்துல அவனே கண்டுபிடிச்சிடுவான்'னார்." தேநீர் டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "காசு இல்ல. மூணு நாள் ஆஸ்பத்திரி ரெண்டாச்சு. அப்புறம் ஒண்ணாச்சு. போன வாரம் போகவே இல்ல. நீங்க வந்தன்னிக்கு உங்ககிட்ட சொல்லிடுவேன்னுதான் நான் திரும்பல."

அந்த செல்போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வின் மேஜையில் இருந்தான், அடுத்த கிடங்குக்கு எழுதிக்கொண்டிருந்தான். செல்லை அவன் முன்னால் வைத்தேன். பார்த்ததும், "சித்தப்பா விரல் வைக்கலையே. அப்புறம் எப்படிக் குச்சி வரும்?" என்றான்.

தொப்பியைப் பற்றிச் சொன்னேன். ஆணி, தூண், ஆளுக்கு இரண்டு, என் கால் முறிந்த வருஷம், எல்லாம் சொன்னேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் கேட்டேனேப்பா."

"கேட்ட."

இரண்டு பேரும் அதற்கு மேல் அந்த வழியில் போகவில்லை. எனக்கு வேறொன்று கேட்கவேண்டியிருந்தது.

"தோம் தினம் அதைப் போட்டிருக்கா. இந்தாள் விரல் வைக்கல, ஆனா குச்சி வந்திருக்கு, எனக்கு ஒண்ணும் புரியலைன்னு உன் புரோகிராம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? புது ஆள் எவனா இருந்தாலும் சொல்வானேடா."

"சொல்ல வெச்சிருக்கலாம். ஒரு வரிதான்." கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "போட்டியில கேட்ட விடையைத் தவிர ஒரு எழுத்து கூட எழுதினா தப்புன்னு போட்டுடும். கேள்வியில இது வராதுன்னு குடுத்திருந்தா அதை யோசிக்கவே கூடாது, யோசிக்கிறவனுக்கு நேரம் போயிடும், தோத்துடுவான். பதினோரு வருஷம்பா. கை தானா விட்டுடுச்சு. வராதுன்னு சொன்னது வந்தா பூஜ்யம் போட்டுட்டுப் போன்னு எழுதியிருக்கேன். எழுதினது கூட ஞாபகம் இல்ல."

செல்லை எடுத்து அந்த ஐந்து செய்தியையும் மறுபடி பார்த்தேன்.

"அங்க தப்பா அனுப்பினா அந்த நிமிஷமே சிவப்புல காட்டிடும். இருபது நிமிஷம் அபராதம். அவ்வளவுதான், திருத்தி மறுபடி அனுப்பலாம். இங்க அஞ்சு வாரம்... ஏன்பா யாருமே தப்புன்னு சொல்லல?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கியெம் அதைத்தான் விரும்பியிருப்பான். ஆனால் அவன் சொல்லாமல் இருந்ததில் வந்ததுதான் இதெல்லாம். லுவா சொன்னதை அப்படியே சொன்னேன், அவனே கண்டுபிடித்துவிடுவான் என்று கியெம் சொன்னது உட்பட.

எழுந்து போய்க் குழாயடியில் குந்தி உட்கார்ந்தான். குழாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் காலை என்கூடவே கிடங்குக்கு வந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தூணில் தொப்பி இருந்தது. செத்தவனுக்கு நாற்பத்தொன்பது நாள் துக்கம் முடியும்வரை இறக்கமாட்டோம். அதில் விழும் குச்சியை இப்போது தோம் தனியாக எண்ணி ஊதுபத்திச் செலவுக்கு என்று காசாக லுவாவின் கையில் கொடுத்துவந்தாள்.

"பாருங்கடா, மெடலு வந்திருக்காரு" என்றான் ஒருவன். கியெம் கூப்பிட்ட மாதிரி இல்லை அது. வேறு யாரும் அவனோடு பேசவில்லை.

நாள் முழுக்க அங்கேயே நின்றான். மூட்டை எப்படி இறங்குகிறது, குச்சி எப்படிக் கை மாறுகிறது என்று பார்த்தான். மத்தியானத்துக்கு மேல் தோமிடம் போய்க் கேட்க ஆரம்பித்தான். மழையில் கிழிந்த மூட்டைக்கு யார் கணக்கு? இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் குச்சி யாருக்கு? விரல் தேய்ந்துபோய் மிஷின் எடுக்காத கிழவனை எப்படி உள்ளே விடுகிறீர்கள்? தோம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேஸ்திரியின் தாளில் இல்லாதது இன்னும் நாலு விஷயம் இருந்தது. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டான். அவன் யாரிடமும் இப்படிக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இதை அன்றைக்கு வந்து கேட்டிருக்கலாம். நானும் அன்றைக்கு அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

தெத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மேஸ்திரி லுவாவைக் கூப்பிட்டனுப்பினார். கடன் வாங்கினவர்கள் எல்லாரும் வந்து தீர்த்துவிட்டுப் போகிற நாட்கள் அவை. ஆபீஸ் அறையில் தோம், நான், வின், மேஸ்திரி. லுவா உட்காரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் மேஸ்திரி. "செத்தவன் கடனை வருஷம் தாண்டி எடுத்துட்டுப் போனா எனக்குத்தான் தரித்திரம். மொத்தத்தையும் அடிச்சிடறேன். போய்ட்டு வாம்மா."

"அடிக்கவேணாம்" என்றாள் லுவா. "தொப்பியில விழுந்ததை மொதல்ல எண்ணுங்க."

"அதான் எல்லாத்தையுமே விடறேங்கறேனே. எண்ணி என்ன ஆகப்போகுது?"

"எண்ணுங்க."

மேஸ்திரி வின்னைப் பார்த்தார். "இருக்கா, போயிடுச்சா?"

"இருக்கு. தோம் அக்கா போட்டது எல்லாம் உள்ள அப்படியே இருக்கு. தூக்கிப் போடல. எண்ணல, அவ்வளவுதான்."

அங்கேயே உட்கார்ந்து திருத்தினான். யார் பேரில் குச்சி என்பதற்குப் பக்கத்தில், யார் போட்டது என்று ஒரு கட்டம் சேர்த்தான். பதினேழு பேரின் பெயரை நான் சொல்லச் சொல்ல எழுதினான். வாசல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆயிரத்து இருபது குச்சி. இருபத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரம். கையில் வரவேண்டிய பங்கும் அதில் இருந்தது. அதையும் கடனிலேயே கழிக்கச் சொன்னாள் லுவா. "இனிமே யாருக்கு மருந்து வாங்கப்போறேன்?" என்றாள். மீதி ஒரு கோடியே அறுபத்தொரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"எனக்குத் தரவேண்டிய ஒன்றரைக் கோடியை அதுல கழிச்சுக்கங்க" என்றான் வின்.

"பைத்தியமாடா உனக்கு? நான்தான் விடறேங்கறேன், இவ வேணாங்கறா. நீ என்னடான்னா—"

"கழிச்சுக்கங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார், மகனுக்குப் புத்தி சொல்லு என்கிற மாதிரி. ஒன்றரைக் கோடியில் எங்கள் வீட்டுக் கூரையை மாற்றுவதாக இருந்தேன்.

"மீதி பதினொரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை என் தெத் கூலியில பிடிச்சுக்கங்க" என்றேன்.

வின் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

லுவா என்னையும் வின்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பிறகு வின்னிடம், "பேரை எழுது" என்றாள். "உன்னை மெடலுன்னுதான் அவர் கூப்பிடுவார். அது வேணாம். முழுப் பேரை எழுது."

எழுதினான். என் பெயரையும் எழுதினான். தோம் பட்டனை அழுத்தினாள். லுவாவின் கையில் இருந்த செல்போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவளுக்கு எழுத்து தெரியும். இருந்தாலும் என்னிடம் நீட்டினாள்.

"படிங்கண்ணே. அவருக்குப் படிப்பீங்களே, அந்த மாதிரி."

நின்றபடியே படித்தேன். பதினேழு பெயர், ஒவ்வொருவனுக்கும் அறுபது குச்சி. பதினெட்டாவதாக மறுபடி என் பெயர், காசோடு. கடைசியில் என் மகன் பெயர். வெளியே படகில் மூட்டை எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது.

அடியில் கடன் 0 என்று இருந்தது. லுவா செல்லை வாங்கிப் பார்த்தாள். விரலால் மேலே தள்ளினாள். முன்னால் வந்த ஐந்து வாரத்துச் செய்தியும் மேலே வரிசையாக நின்றது, அதே எழுத்து, அதே அளவு பூஜ்யம்.